நாலடி எழும்பிய ராக்கெட்

நாலடி உயரத்துக்கு மட்டும் எழும்பிய ஒரு ராக்கெட்டைப் ‘பறந்தது’ என்று எழுதலாமா? ஒரு வாரமாக அந்த ஒரு சொல்லில் சிக்கிக் கிடந்தேன். ‘கிளம்பியது’ என்று போட்டுப் பார்த்தேன், ‘உயர்ந்தது’ என்று போட்டுப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. வேலை முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த கணவரிடம் கேட்டேன்.

“நாலடியா? அது பறக்கிறது இல்ல லா. எந்திரிச்சு நிக்கப் பார்த்துச்சு, முடியல. அப்படியே எழுது,” என்றார்.

அப்படியே எழுதினேன்.

அப்போது சுங்காய் டவுனுக்கு அப்பால், ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் குடியிருப்பில் இருந்தோம். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம் அது. என் கணவர் ஆலையில் ஸ்டீம்மேன். கொதிகலனையும் அதிலிருந்து குழாய்களில் போகும் நீராவியையும் பார்த்துக்கொள்ள அரசாங்கத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். நான் வீட்டிலிருந்தபடி தமிழில் சிறிய அறிவியல் நூல்கள் எழுதுகிறவள். கோலாலம்பூரில் இருக்கும் பதிப்பாளர் விண்வெளியைப் பற்றி ஒன்று கேட்டார். நிலவுக்குப் போனவர்களைப் பற்றி நான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார். நான் வேன்கார்டைத் தேர்ந்தெடுத்தேன். செயற்கைக்கோளைச் சுமந்து செல்வதற்கென்றே அமெரிக்கா ஆரம்பத்தில் கட்டிய ராக்கெட் அது. எழுபதடிக்கு மேல் உயரம், பென்சில் மாதிரி ஒல்லி. பதினொரு தடவை செயற்கைக்கோளோடு ஏவினார்கள். மூன்று தடவைதான் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

ஆலையின் இரைச்சல் எங்கள் வீட்டுக்குள் எந்நேரமும் இருக்கும். குடிவந்த புதிதில் தலைவலி வந்தது. பிறகு அது காதில் விழாமலே போயிற்று. நின்றால் மட்டும்தான் தெரியும். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று விரல்கள் தாமாக நிற்கும், ஏன் என்று ஒரு நொடி கழித்துத்தான் புரியும். அந்த அமைதி எனக்குப் பிடிக்காது.

வேன்கார்டின் எஞ்சின் பகுதியை எழுதும்போது கணவரின் உதவி தேவைப்பட்டது. அழுத்தம் பற்றிய விஷயங்கள் அவருக்கு விரல் நுனியில். 1957 டிசம்பரில் அந்த ராக்கெட் நாலடி எழும்பி ஏன் விழுந்தது என்பதற்குச் சொல்லப்பட்ட ஒரு காரணத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். எரிபொருள் தொட்டியில் அழுத்தம் போதவில்லை. அதனால் எஞ்சினுக்குள் எரிந்துகொண்டிருந்த வாயு எரிபொருள் வரும் வழிக்குள்ளேயே புகுந்துவிட்டது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஆமா. தள்ளுறவன் கை தளர்ந்துட்டா எதிர்ல இருக்கிறவன் உள்ள வந்துருவான். நெருப்பு வந்த வழியாவே திரும்பிப் போகும்.” என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். “மீட்டர்ல என்ன காட்டுச்சாம்?”

“அது தெரியல. ஏங்க?”

“சும்மா கேட்டேன்.”

சும்மா கேட்கவில்லை. ஆலையில் அப்போதுதான் புதிதாக ஒரு ஸ்டெரிலைசரை நிறுவியிருந்தார்கள். பழக்குலைகளை உள்ளே அடைத்து, கதவைப் பூட்டி, நீராவியில் வேகவைக்கும் பெரிய இரும்பு உருளை அது. ஒரு லாரி உள்ளே போய் நிற்கலாம். வெந்து முடிந்ததும் ஆவியை வெளியே விட்டு, உள்ளே அழுத்தம் பூஜ்யம் ஆன பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கதவு நம் மேல் பாயும். முதல் வெள்ளோட்டத்தில் அழுத்தம் காட்டும் மீட்டர் பூஜ்யம் காட்டியபோது, என் கணவர் வழக்கப்படி உள்ளே ஆவி மிச்சமிருக்கிறதா என்று பக்கத்திலிருந்த சின்னக் குழாயைத் திருகிப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து ஆவி சீறியிருக்கிறது. அழுத்தம் உள்ளே இருந்திருக்கிறது, மீட்டருக்குத் தெரியவில்லை.

ஆபீஸில் எழுதிக் கொடுத்தார். நிறுவிய கம்பெனிக்காரர்கள் வந்து மீட்டரை மாற்றினார்கள். “மீட்டர் புதுசு. ஆனா அதுக்குப் போற பைப்பு அதே பைப்பு தானே?” என்று என்னிடம் கேட்டார். ஆலையில் கேட்டதற்கு, பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்ததாம்.

முறைப்படி இன்னும் இரண்டு மூன்று வெள்ளோட்டங்கள் செய்திருக்க வேண்டும். ஆனால் தலைமையகத்திலிருந்து ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. அடுத்த வெள்ளோட்டத்தையே திறப்புவிழாவாக ஆக்கிவிடலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். முற்றத்தில் கூடாரம், ஊழியர் குடும்பங்களுக்கு விருந்து, சுங்காய் டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பாயிடம் பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது.

நான் அந்த வாரம் எழுதிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? வேன்கார்டின் அந்த டிசம்பர் ஏவல் உண்மையில் ஒரு பரிசோதனை. மூன்று அடுக்குகளையும் சேர்த்து முதன்முதலாக ஏவிப் பார்ப்பதற்காக வைத்திருந்தது. உச்சியில் பம்பளிமாஸ் பழத்தைவிடச் சின்னதாக ஒரு கோளம். போனால் போகட்டும் என்று வைத்தது. அதற்குள் ரஷ்யர்கள் தங்கள் செயற்கைக்கோளை மேலே அனுப்பிவிட்டார்கள். உடனே பரிசோதனை என்ற பேச்சு அடங்கி, இதோ நாங்களும் அனுப்புகிறோம் என்று ஆயிற்று. பத்திரிகைக்காரர்கள் கடற்கரையில் கேமராக்களோடு குவிந்தார்கள். அதைக் கட்டியவர்களுக்கு மட்டும், இன்னும் எத்தனை விஷயம் தெரியாமல் இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் கணவரிடம் சொன்னேன். எனக்கு அது நல்ல கதையாகத் தோன்றியது, அவ்வளவுதான். அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“யாரும் வேணாம்னு சொல்லலையா?”

“சொல்லியிருப்பாங்க. ஆனா கேட்கிற நேரமா அது?”

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

விழா ஒரு சனிக்கிழமை காலை. உருளையிலிருந்து ஐம்பதடி தூரத்தில் கூடாரம். முன்வரிசையில் விருந்தினர்கள், பின்னால் நாங்கள், குழந்தைகள். பாய் பெரிய பெரிய பாத்திரங்களை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். மேளம்கூட ஏற்பாடு செய்திருந்தார்கள். உருளையின் கதவு எங்களைப் பார்த்தபடி இருந்தது. வட்டமான இரும்புக் கதவு, புதுப் பெயின்ட், கைப்பிடியில் ரிப்பன். அந்தக் கதவு திறந்தால் எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்தேன். எங்கள் பக்கம்தான்.

என் கணவரோடு அன்று வேலையில் நின்றவர் ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரிலிருந்து வந்தவர். மீன்பிடிக் குடும்பம், ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் எங்களுக்குக் கருவாடு கொண்டுவருவார். என் கணவரை அண்ணே என்பார், என்னை அக்கா என்பார்; எங்களுக்கு அவர் தம்பி. அன்று கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்து, “அக்கா, பிரியாணியில எனக்கு ஒரு கோழிக்கால் எடுத்து வைங்க லா,” என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஆவி ஏறியது. ஒன்றரை மணி நேரம் பேச்சுகள் நடந்தன. பிறகு ஆவியை வெளியே விட்டார்கள். வெள்ளையாக எழும்பியதைப் பார்த்துக் குழந்தைகள் கைதட்டினார்கள். சத்தம் அடங்கியது. மேனேஜர் எழுந்து நின்றார். மேளக்காரர் குச்சியைக் கையில் எடுத்தார்.

என் கணவர் கதவுக்கு அருகே போனார். மீட்டரைப் பார்த்தார். சின்னக் குழாயைத் திருகினார். அதில் என்ன சத்தம் அவர் காதில் விழுந்ததோ, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதுவும் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து அப்படியே நின்றார். பிறகு கதவைத் தொடாமல் கூடாரத்தை நோக்கி நடந்து வந்தார்.

“சார், எல்லாரையும் பின்னால போகச் சொல்லுங்க.”

மேனேஜர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். “என்ன காட்டுது?”

“சீரோ காட்டுது.”

“அப்புறம் என்னய்யா?”

“சீரோதான் காட்டுது சார். ஆனா நான் திறக்க மாட்டேன். ஆறட்டும்.”

விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள். பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தம். எல்லோரும் புகைபோக்கிக்குப் பின்னால் வெயிலில் போய் நின்றோம். அரைமணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. கடைசியில் நிறுவிய கம்பெனியின் ஆள் ஒருவர் பொறுமையிழந்து போய்க் கதவைத் திறந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கதவு சாதுவாகத் திறந்தது, வெந்த பழத்தின் வாடை வந்தது. மேளம் அடித்தார்கள். பிரியாணி ஆறிப்போயிருந்தது.

திங்கட்கிழமை என் கணவரை லாரிகள் குலை இறக்கும் மேடைக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். ஓய்வு தேவைப்படலாம் என்றார்கள். ஹுத்தான் மெலிந்தாங் தம்பியிடம் புது உருளை போயிற்று.

அன்று எங்களுக்குள் சண்டை வந்தது. உண்மையில் பயந்துதான் கேட்டேன். “நான் படிச்சுக் காட்டின கதையாலதான் அப்படிப் பண்ணீங்களா?”

“உன் கதைக்கு முன்னாடியே அது சீறிச்சு.”

“ஆனா அன்னிக்கு ஒண்ணும் ஆகலையே.”

“ஆகலை,” என்றார். “அரைமணி நேரம் ஆறிச்சு, அதான் ஆகலை. இல்ல நான் சொன்னதே தப்போ என்னவோ. எனக்கே தெரியல.”

அவருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? இரவல் பயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே வேலை செய்தேன். தம்பி ஒருநாள் கருவாட்டோடு வந்தபோது கணவர் அவரை வாசலிலேயே நிறுத்தி, சின்னக் குழாயைத் திறந்து பார்க்காமல் கதவைத் தொடாதே என்றார்.

“பார்க்கிறேன் லா அண்ணே. ஒவ்வொரு தடவையும் பார்க்க டைம் விட மாட்டேங்கிறாங்க. லாரி வரிசையா நிக்குது. தாப்பா, பரவால்ல, ஒண்ணும் ஆகாது.” பிறகு என்னைப் பார்த்து, “அக்கா, உங்க ராக்கெட்டு மேல போயிருச்சா?” என்றார்.

“இன்னும் இல்ல. ரெண்டாவதும் உடைஞ்சு போச்சு.”

இரண்டாவது வேன்கார்ட் அடுத்த பிப்ரவரியில் கிளம்பியது. இந்தத் தடவை ஒழுங்காகத்தான் எழும்பியது. ஒரு நிமிடம் ஆவதற்குள் கட்டுப்பாடு தவறித் திரும்பி, காற்றின் விசையில் முறிந்துபோனது. அதற்குச் சில நாள் முன்புதான் தரைப்படைக்காரர்களின் வேறொரு ராக்கெட் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளை மேலே கொண்டுபோயிருந்தது. அந்த நாடே அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. வேன்கார்டைச் செய்தவர்கள் அந்த நாட்களில் காலையில் எழுந்து எப்படி வேலைக்குப் போனார்கள் என்று யோசித்தேன். என் கணவர் சீருடையை மாட்டிக்கொண்டு லாரி மேடைக்குப் போவதைத் தினமும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய இடத்தைக் கடந்து போகாமல் இருக்க, சேறு நிறைந்த பின்பாதையால் சுற்றிப் போவார்.

அந்த வாரங்களில் ஆலை எனக்கு மறுபடி கேட்கத் தொடங்கிவிட்டது. ஆவி ஏறும் சத்தம், பிறகு நீளமாக விடும் சத்தம், பிறகு கதவு திறப்பதற்கு முன் வரும் அந்த இடைவெளி. அந்த இடைவெளியில் மட்டும் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிற்பேன். கதவின் இரும்பு மோதும் சத்தம் கேட்டதும் மறுபடி வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை.

ஒரு காலை, பத்து மணி இருக்கும், கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆவி விட்டார்கள். அடங்கியது. ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

இரும்பு மோதவில்லை. தடித்த துணியை ஒரே இழுப்பில் கிழித்ததுபோல ஒரு சத்தம், தொடர்ந்து ஒரு அதிர்வு. வீட்டுத் தகரக்கூரை நடுங்கியது. அதற்குப் பிறகு ஆலையின் ஓசை முழுவதும் நின்றுபோனது. அத்தனை அமைதியில் பறவைகள்கூடக் கத்தவில்லை. பிறகுதான் அபாயச் சங்கு.

ஓடினேன். வாயிற்காவலர் என்னை உள்ளே விடவில்லை. கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வெள்ளைப் புகையாக ஆவி முற்றம் முழுதும் நிறைந்திருந்தது. லாரி மேடையிலிருந்து ஓர் ஆள் அதற்குள் ஓடுவது தெரிந்தது. நடையை வைத்தே யாரென்று தெரிந்துகொண்டேன்.

வெகுநேரம் ஆனதுபோல இருந்தது. சில நிமிடங்கள்தான் இருக்கும். ஆவிக்குள்ளிருந்து என் கணவர் தம்பியைப் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வந்தார். தம்பியின் கைகள் முன்னால் நீட்டியபடி இருந்தன, எதையோ வாங்கிக்கொள்வதுபோல. அந்தக் கைகளை நான் வர்ணிக்கப்போவதில்லை.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள்தான் எங்களைப் பார்க்க விட்டார்கள். தோள்வரை கட்டு, கழுத்திலும் மார்பிலும் கட்டு. கண்களை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினார்.

“அண்ணே, சீரோதான் காட்டுச்சு.”

“தெரியும்டா.”

“சின்னக் குழாயையும் திருகினேன் அண்ணே. ஒண்ணும் வரல. அதனாலதான்...”

என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு தெரியவந்தது இதுதான்: வெந்த பழத்தின் நாரும் எண்ணெய்க் கசடும் சேர்ந்து, மீட்டருக்குப் போகும் குழாயை மட்டுமல்ல, அந்தச் சின்னக் குழாயையும் அடைத்திருந்தன. அவர் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டது.

பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, தம்பி என்னிடம் கேட்டார். “அக்கா, அந்தக் கதை முடிஞ்சிருச்சா?”

“முடியப் போகுது. மூணாவது தடவை போயிருச்சு தம்பி. அந்தச் சின்ன உருண்டை இன்னிக்கும் மேலதான் சுத்திக்கிட்டிருக்கு. மனுசன் செஞ்சு அனுப்பினதுல இன்னும் மேல இருக்கிறதுல அதான் ரொம்பப் பழசு. ரேடியோல அது பேசுறது மட்டும் நின்னுபோச்சு.”

“முதல்ல ரெண்டு வெடிச்சிச்சே, யாருக்காவது அடிபட்டுச்சா?”

“இல்ல. எல்லாரும் தள்ளி, கான்கிரீட் கட்டடத்துக்குள்ள இருந்தாங்க.”

அவர் கூரையைப் பார்த்தார். “கெட்டிக்காரங்க,” என்றார்.

விசாரணை நடந்தது. நிறுவிய கம்பெனி, ஆலைக்காரர்கள் குழாய்களைச் சுத்தம் செய்யவில்லை என்றது. ஆலை, கதவின் பூட்டே சரியில்லை, அழுத்தம் இருக்கும்போது அது திறந்திருக்கவே கூடாது என்றது. தம்பி அவசரப்பட்டார் என்று இரண்டு தரப்பும் ஒரு வரி சேர்த்துக்கொண்டன. அந்த வாரம் என் மேசையில் வேன்கார்டின் கடைசித் திருத்தங்கள் கிடந்தன. அது நாலடி எழும்பி விழுந்ததற்கு ராக்கெட்டைக் கட்டியவர்கள் ஒரு காரணம் சொன்னார்கள், எஞ்சினைச் செய்தவர்கள் வேறொன்று சொன்னார்கள்; கடைசிவரை ஒத்துப்போகவில்லை. முதலில் எழுதியபோது அதை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போயிருந்தேன். இப்போது அதை எடுத்து இரண்டு பக்கமாக எழுதினேன். நீளமாக இருக்கிறதே என்றார் பதிப்பாளர். இருக்கட்டும் என்றேன்.

என் கணவர் தன் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அன்று அவர் சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

“அன்னிக்கு விழாவுல நான் கதவைத் தொடலைன்னதும் மனசுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. மேடைக்கு மாத்தினப்பவும் கோவம் இருந்துச்சே தவிர, உள்ளுக்குள்ள நிம்மதிதான். இனிமே அதை நான் திறக்க வேண்டியதில்ல. ஆனா யாரோ ஒருத்தன் திறந்துதானே ஆகணும்? அதை நான் நினைக்கவே இல்ல.”

“வாசல்ல நிறுத்திச் சொன்னீங்களே.”

“வாசல்ல சொன்னேன். மறுபடி ஆபீஸுக்குள்ள போய்ச் சொல்லல. சொல்லி என்ன ஆகும்னு விட்டுட்டேன்.”

அவர் திறந்தபடி விட்ட பெட்டியை நான் மூடினேன்.

தம்பி பிழைத்துக்கொண்டார். பல மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஹுத்தான் மெலிந்தாங்குக்கே போய்விட்டார். இடக்கை ஓரளவு வேலை செய்கிறது. வலது கை விரல்கள் மடங்குவதில்லை. சொந்த அண்ணனின் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் இடத்தில் உட்கார்ந்து ஆட்களை வேலை வாங்குகிறார். வெந்நீரில் குளிப்பதில்லை, தேநீரையும் ஆறவைத்துத்தான் குடிக்கிறார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். நாங்கள் போகும்போதெல்லாம் சிரித்துத்தான் பேசுவார். என் கணவர்தான் அங்கே அதிக நேரம் உட்கார முடியாமல் படகுத்துறைப் பக்கம் நடக்கப் போய்விடுவார்.

அந்த உருளை இன்னும் ஓடுகிறது. இரண்டாவதாக ஒரு மீட்டர் பொருத்தி, கதவை மாற்றியிருக்கிறார்களாம். புது ஸ்டீம்மேன் ஒருவர் எங்கள் பழைய வீட்டில் குடியிருக்கிறார்.

நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். என் கணவர் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். அங்கே ஆவியும் இல்லை, நெருப்பும் இல்லை. புத்தகம் வந்துவிட்டது. அதை அவர் படித்தாரா என்று கேட்டதில்லை. அலமாரியில் அது இடம் மாறி மாறி இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் மலை. அதன் மறுபக்கம் கல் உடைக்கிறார்கள். சில நாட்களில் மதிய நேரம் முதலில் ஒரு சங்கு ஊதும், பிறகு வெடிச்சத்தம், ஜன்னல் கண்ணாடிகள் லேசாக நடுங்கும். அக்கம்பக்கத்தில் யாரும் தலையைக்கூடத் திருப்புவதில்லை. விடுமுறை நாளில் அவர் வீட்டில் இருந்தால், சங்குச் சத்தம் கேட்டதும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வாசல் கேட்டுக்குப் போவார். வெடித்து முடிந்த பிறகும் மலையைப் பார்த்தபடி அங்கேயே நிற்பார். உள்ளே வாங்க என்று நான் கூப்பிடுவதில்லை. அவருடைய தட்டை மூடி வைத்துவிட்டு, நானும் போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வேன்.